முழங்காலுக்குப் பாதி, தோளுக்குப் பாதி

என் வலது முழங்கால் மடங்க மறுத்த அதே மாதத்தில்தான் குண்டு போடுகிற பொம்மர் விமானங்கள் எங்கள் பக்கம் அடிக்கடி வரத் தொடங்கின. இரண்டும் பேசி வைத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பொருளாதாரத் தடையால் பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லை. அளவெட்டியிலிருந்து வட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கத் தினமும் சைக்கிள் உழக்கினேன். நாற்பத்தெட்டு வயதில் எதிர்க்காற்றில் உழக்கிய உழக்கலில் முழங்கால் விளாம்பழம் போல வீங்கிவிட்டது. நிற்கலாம், நடக்கலாம், பிள்ளைகளை ஏசலாம். மடக்க மட்டும் முடியாது.

முழங்கால் மடங்காதவளுக்குப் பதுங்குகுழியால் என்ன பிரயோசனம்? எங்கள் வீட்டு மாமரத்தடியில் என் கணவர் ஒரு மாதமாகக் கிண்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு ஒரு பங்கர் கட்டியிருந்தார். நன்றாகக் குனிந்து நான்கு படி இறங்கவேண்டும். முதல் தடவை பொம்மர் வந்தபோது நான் இருந்தபடியே சறுக்கி இறங்கப் பார்த்தேன். நீட்டின கால் வாசலுக்குக் குறுக்கே தடி போட்டது போல இறுகிவிட்டது. நானும் உள்ளே போகவில்லை, பின்னால் நின்ற அவருக்கும் வழி இல்லை. நல்ல காலம், பொம்மர் வேறெங்கோ போய்விட்டது. என்னை இழுத்தெடுக்க அரைமணித்தியாலம் பிடித்தது.

அதன்பிறகு நான் வெளியிலேயே நின்றேன். "நீங்கள் போய் உள்ளுக்கு இருங்கோ" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்!

"உம்மை வெளியிலை விட்டிட்டு நான் உள்ளுக்கை இருந்து என்னத்தைப் பிடுங்கிறது?" என்பார். கையைக் கட்டிக்கொண்டு, தேருக்குக் காத்திருப்பவர் மாதிரி என் பக்கத்தில் நிற்பார். அந்தப் பங்கரை அனுபவித்தது எங்கள் பேட்டுக்கோழி ஒன்றுதான். அது உள்ளே போய் முட்டையிட்டு அடைகிடந்தது. எனக்கு என் சாவை விட அந்த மனுசனின் நிற்பைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. என் முழங்காலால் அவர் செத்துப்போனால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்?

ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் நோயாளர் பார்த்துவந்தார். அவர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ளை இருக்கிற தண்ணியை எடுத்துப்போட்டு மூட்டுக்கை ஒரு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் மடங்கும். ஊசி இருக்கு, நான் இருக்கிறன், முழங்காலும் இருக்கு. மருந்துதான் இல்லை."

மூன்று கிழமை கழித்து, மருந்து வந்திருக்கிறது, உடனே வாருங்கோ என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் விறாந்தையின் மறு அந்தத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். வெங்காயத் தோட்டக்காரர். எங்கள் கிழக்கு வேலி ஒரு சாண் தன் காணிக்குள் நிற்கிறது என்று வழக்குப் போட்டவர். பதினொரு வருட வழக்கு. நீதிமன்றம் பூட்டிக் கிடந்து எவ்வளவோ காலம், ஆனால் வழக்கு முடியவில்லை. அவரும் என் கணவரும் பதினொரு வருடமாக ஒரு சொல் கதைத்ததில்லை. எங்களுக்கு ஏதும் சொல்லவேண்டுமென்றால் தன் ஆட்டுக்குச் சொல்லுவார். "உந்த மாங்கொப்பு என்ரை கூரையிலை முட்டுது, கேக்குதே?" ஆடு எங்களைப் பார்க்கும். என் கணவர் கிணற்றுக் கப்பியைப் பார்த்து மறுமொழி சொல்லுவார்.

மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர்ப் பம்ப் படுத்துவிட, துலாவால் இறைத்து இறைத்து அவரது வலது தோள் இறுகிப்போயிருந்தது. மருந்து அவருடையது. கொழும்பிலிருந்த மருமகன் வாங்கி, சோதனைச் சாவடிகளில் அகப்படாமல் காலில் போட்ட மேசுக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு சின்னப் போத்தல். அதில் இரண்டு பேருக்கு மருந்து இருந்தது. திறந்தால் வைத்திருக்க முடியாது. கரண்டும் இல்லை, குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. மற்றப் பாதியை வீணாக்க மனமில்லாமல்தான் டொக்டர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மிச்சத்தை என்ரை மற்றத் தோளுக்குப் போடுங்கோ டொக்டர்."

"அந்தத் தோளிலை என்ன வருத்தம்?"

"இப்ப ஒண்டும் இல்லை. நாளைக்கு வந்தால்?"

"வராத வருத்தத்துக்கு ஊசி குத்த நான் என்ன சாத்திரியே!" என்று டொக்டர் எகிறினார்.

பக்கத்து வீட்டுக்காரர் இறுகின தோளைத் தடவினார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "வேலி ஒரு சாண் அங்காலை போகட்டும், மருந்து இஞ்சாலை வரும்."

எனக்கு வந்த கோபத்தில் வலிகூட மறந்துபோனது. "உங்கடை மருந்தை உங்கடை ஆட்டுக்குக் குத்துங்கோ!" என்றுவிட்டு நொண்டி நொண்டி வெளியே வந்தேன். படலையடியில் சைக்கிளோடு நின்ற என் கணவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். என்னைக் கரியரில் ஏற்றினார். நீட்டின கால் தெருவில் போகிறவர்களுக்கு முட்டாமல் நான் பார்த்துக்கொள்ள, அவர் வீடு வரும்வரை வேகமாக உழக்கினார்.

அடுத்த நாள் விடியற்காலையில் நிலத்தில் அலவாங்கு இடிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் என் கணவர் வேலிக் கதியால்களைப் பிடுங்கி ஒரு சாண் எங்கள் பக்கம் தள்ளி நட்டுக்கொண்டிருக்கிறார்.

"விசரே உங்களுக்கு? பதினொரு வருசம்!" என்றேன்.

"அந்த ஒரு சாணிலை நான் என்ன பயிர் நடப்போறன்? நீர் முதல்லை பங்கருக்கை இறங்கும்."

வியர்வை வழிய வழிய நட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை மட்டும் காட்டினேன்.

டொக்டர் போத்தலைத் திறக்காமல் வைத்திருந்தார்; வேலி தள்ளின செய்தி போக, அன்று பின்னேரமே ஊசி. டொக்டர் விறகடுப்பில் ஊசிகளை அவித்தார். என் முழங்காலிலிருந்து மஞ்சள் தண்ணீரை இழுத்து எடுத்துவிட்டு, போத்தலைக் குலுக்கி, பால் மாதிரியான மருந்தில் பாதியை எனக்கு ஏற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் ஊசிக் குழாயின் கோடுகளை நகைக்கடைத் தராசைப் பார்ப்பவர் போல உற்றுப் பார்த்தார். "அவவுக்குக் கூடிப்போச்சு" என்று கலண்டரிடம் முறையிட்டார். மற்றப் பாதி அவரது தோளுக்குள் போனது.

இரண்டு நாள் உயிர் போகிற வலி. முதலில் வலி கூடித்தான் குறையும் என்று டொக்டர் சொல்லியிருந்தும் நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக் கோதாரி விழுவான் போத்தலுக்குள் சுண்ணாம்புத் தண்ணி விட்டிருக்கிறான் என்று சத்தியம் பண்ணினேன். மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் என்னை அறியாமல் குந்திவிட்டேன். எழும்பினேன், திரும்பவும் குந்தினேன். என் கணவர் கதவோடு நின்று, வெற்றிலை போட மறந்து, பார்த்துக்கொண்டே நின்றார்.

நாலாம் நாள் மறுபடியும் அலவாங்குச் சத்தம். இந்தத் தரம் பக்கத்து வீட்டுக்காரர். கையைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இடித்து, எல்லாக் கதியாலையும் பழைய இடத்திலேயே திரும்ப நட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்துக்குக் காணி வாங்கினவன் எண்டு ஊர் கதைக்கும்" என்று ஆட்டுக்குச் சொன்னார். "நான் கோட்டிலை வழக்கு வெண்டுதான் எடுப்பன்."

"கோட்டிலையோ? பாப்பம்" என்று என் கணவர் கப்பிக்குச் சொன்னார். அன்றைக்கு அவர் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கிழமை மாரி மழை பிடித்தது. பக்கத்து வீட்டுப் பங்கர் நிரம்பித் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. எங்களுடையது மேட்டில் இருந்ததால் தப்பியது. மழை விட்ட ஒரு மத்தியானம் பொம்மர் வந்தது. நான் ஓடிப்போய், குனிந்து, நாலு படியும் இறங்கி, கோழியைக் கலைத்துவிட்டு, முழங்காலை மடக்கி இராசாத்தி மாதிரி இருந்தேன். அவரைக் காணவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் இரண்டு சோடிக் கால்கள். வேலியில் ஆள் புகுகிற அளவு இடைவெளியாய்ப் பொட்டு ஒன்று இருந்தது. அதனூடாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார். என் கணவர் கதைக்கமாட்டார், ஆகவே கூப்பிடவும் மாட்டார். ஆனால் தன் வளவுக்கு வந்த மனுசனை வெளியில் விட்டுவிட்டுத் தான் முந்தி இறங்கினால் மரியாதை இல்லையே! பொம்மர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள்.

"இறங்குங்கோவன்!" என்று கத்தினேன். கால்கள் அசையவில்லை. "உங்கடை ரோசம் நாசமாய்ப் போக! நான் காலை மடக்கினது இதுக்குள்ளை தனியக் குந்தியிருக்கவோ?"

அப்போதுதான் வயல்களுக்கு அப்பால் குண்டு விழுந்தது. நிலம் ஆடியது. மரியாதையை மறந்து இரண்டு பேரும் ஒரேயடியாக உள்ளே விழுந்தார்கள். நேரே என் வலது முழங்காலில்.

"ஐயோ, ரீச்சரின்ரை கால்!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

முழங்கால் முந்தியதை விடப் பெரிதாக வீங்கியது. டொக்டர் பார்த்துவிட்டு வெறும் போத்தலைத் தூக்கிக் காட்டினார். வேறு மருந்து வரவே இல்லை. அடுத்த தடவை பொம்மர் வந்தால் என் மனுசன் திரும்பவும் வெளியில் என் பக்கத்தில்தான் நிற்பார்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் அலவாங்கோடு பொட்டுக்குள்ளால் வந்து எங்கள் பங்கர் வாசலை ஆள் இருக்கிற கதிரை போகிற அளவுக்கு வெட்டி அகலமாக்கினார். என் கணவர் மண் அள்ளினார்.

பிறகு பொம்மர்ச் சத்தம் கேட்டால் என்னைக் கதிரையில் இருத்துவார்கள். என் கணவர் முன்கால்களைப் பிடிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் முதுகுப் பக்கத்தை, மருந்து போன தோளின் பலத்தில் பிடிப்பார். ஒன்றாகத் தூக்காவிட்டால் கதிரை சரியும், அதற்கு யாராவது எண்ணவேண்டும்.

"ஒண்டு" என்பார் என் கணவர், மாமரத்துக்கு.

"ரெண்டு" என்பார் பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டுக்கு.

அதற்குமேல் சொன்னால் மற்றவருக்குக் கட்டளை போட்டதாகிவிடும் என்று இரண்டு பேரும் வாயை மூடிவிடுவார்கள். தலைக்கு மேலே பொம்மர் இரையும். நான்தான் நீட்டின காலோடு கதிரையில் இருந்து, தொண்டை கிழிய, "மூண்டு!" என்று கத்துவேன். கதிரை எழும்பும். முன்கால்களைப் பிடித்தபடி என் மனுசன்தான் முதல் ஆளாக உள்ளே இறங்குவார்.