கடற்காற்று திரும்பும் வரை

அப்பா இல்லாமல் ஓர் ஆண்டைக் கழித்துவிட்டோம். எப்படிக் கழித்தோம் என்று மட்டும் கேட்காதீர்கள். அவருடைய தலையணை உறையை அம்மா இன்னும் துவைக்கப் போடவில்லை.

தரங்கம்பாடியில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, டியூஷன் எடுத்துப் படித்தவர் அப்பா. வானிலை அலுவலக வேலைக்காகத் தில்லிக்கு வந்தார். கடலோர ஊர்களுக்கு அலை எச்சரிக்கை எழுதும் பிரிவு. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அலை எண்ணுகிறாராம் என்று கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எல்லோரும் கேலி செய்வார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை.

எனக்கும் தம்பிக்கும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துப் பாடம் நடத்துவார். வெயில் ஏற ஏறக் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகும்; தரைமேல் இருக்கும் காற்று மேலே கிளம்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கமிருந்து காற்று ஓடிவரும். அதுதான் மத்தியானத்தில் கரையோர அலைகளை உசுப்பிவிடுகிறது. இரவில் தரை ஆறியதும் காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும்; விடியற்காலையில் அலை அடங்கிக் கிடக்கும். லீவுக்கு ஊருக்குப் போனால் வெயில் ஏறுமுன் குளித்துக் கரையேறிவிட வேண்டும், அது அப்பாவின் சட்டம்.

சென்ற ஆண்டு பங்குனியில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள்தான் இருந்தார். அஸ்தியைப் பிறந்த ஊர்க் கடலில் கரைக்கும்படி சொல்லியிருந்தார். விமானம் தாமதமாகி, நாங்கள் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கடல் கடல்தானே என்று தம்பி இறங்கிவிட்டான். அவன் விட்ட கலயத்தை அலை திருப்பிக் கொண்டுவந்து கரையில் போட்டது. மறுபடி விட்டான், மறுபடியும் வந்தது. அம்மா ஓடிப்போய் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அவருக்குப் போக மனசில்லடி. தில்லிக்கே எடுத்துட்டுப் போயிடலாம்."

எனக்கும் சரி என்று சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் அப்பா கேட்ட இடம் இது.

"அது காத்தும்மா. அப்பாதான் சொல்வாரே. காலைல அடங்கிடும்."

அன்று முழுக்க அம்மா கலயத்தை மடியைவிட்டு இறக்கவில்லை.

விடியற்காலையில் கடல் சாதுவாக இருந்தது. கரைக்காற்று எங்கள் முதுகில் பட்டது. கலயம் மெல்ல விலகிப் போய் மூழ்கியது. சலோ அம்மா, டாக்ஸி நிற்கிறது என்று தம்பி அழைத்தான். அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"மத்தியானம் காத்து திரும்புமில்ல? அதுவரைக்கும் இருந்து பாத்துட்டுப் போலாம்டா."

இருந்தோம். காற்று திரும்பியது. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. அப்பா வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் எங்களோடு அலைந்த, இப்போது நாங்கள் குடியிருக்கும் துவாரகா அக்கம்பக்கத்தாருக்கும், அப்பாவின் அலுவலக நண்பர்களுக்கும், அந்த நாட்களில் எங்கள் அடுக்களையைப் பார்த்துக்கொண்ட அத்தைக்கும் நன்றி. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வெயிலில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கும் சித்திக்கும் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மகள்