வோல்ட்டை ஆம்பியரால் வகுத்த கதைகள்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை வைத்துப் பிழைப்பதுதான் வயர்மேன் தொழில். அதனாலேயே எங்களுக்கு யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். ஏணிமேல் நின்றபடி, கீழேயிருந்து வரும் யோசனைகளைக் கேட்டுக் கேட்டுக் கழுத்து வலித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மதுரையில் வீடுகளுக்குக் கரண்ட் வந்த புதிது. என்னிடம் இருந்தது எட்டாம் வகுப்புப் படிப்பும் இரண்டு மீட்டரும். ஒன்று வோல்ட்டைக் காட்டும். அது கரண்டைத் தள்ளுகிற அழுத்தம். இன்னொன்று ஆம்பியரைக் காட்டும். அது ஓடுகிற அளவு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால், வழியில் எத்தனை ஓம் தடை என்று தெரிந்துவிடும். இரண்டையும் பெருக்கினால் எத்தனை வாட் சக்தி என்று தெரிந்துவிடும். இவ்வளவுதான் என் வித்தை. இதற்கே ஊரில் எனக்குக் 'கரண்ட் பாய்' என்று பெயர் வந்துவிட்டது.

மங்கிய ராணி

அலங்காநல்லூரில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். படம் ஒரே மங்கல். ஜனங்கள் ஒரே கூச்சல். முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார். படம் காட்டும் கார்பன் விளக்குக்கு ஐம்பது வோல்ட் போதும். டைனமோ கொடுப்பதோ நூற்றுப்பத்து. மிச்சம் அறுபதை நடுவில் இருக்கும் தடைச்சுருள் பெட்டி வாங்கிக்கொள்ளும். "அந்தப் பெட்டியே வேணாம் பாய், கழட்டி எறிங்க. அம்புட்டுக் கரண்டும் வெளக்குக்கே போகட்டும்" என்றார் முதலாளி. கழற்றினால் கரண்ட் கட்டுக்கடங்காமல் பாயும். பக்கத்திலேயே சுலபமாகப் பற்றிக்கொள்ளும் பிலிம் சுருள். மேலே கீற்றுக் கூரை. மாட்டேன் என்றேன்.

மீட்டரை மாட்டிப் பார்த்தேன். இருபது ஆம்பியர். அறுபதை இருபதால் வகுத்தால் மூன்று ஓம். விளக்குக்கு வேண்டியது முப்பது ஆம்பியர். அதற்கு இரண்டு ஓம் போதும். டைனமோ தாங்குமா? நூற்றுப்பத்தை முப்பதால் பெருக்கினேன்: மூவாயிரத்து முந்நூறு வாட். டைனமோவின் தகட்டில் நாலாயிரம் என்று போட்டிருந்தது. தடைச்சுருளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விலக்கிக் கட்டினேன். அன்று மாலை முதல் ஆட்டத்தில் திரை பளிச்சென்று வெளுத்தது. முந்தின நாளும் வந்து காசை விட்டுப் போன சம்சாரி ஒருவர், மணலில் உட்கார்ந்தபடியே கத்தினார்: "நேத்துப் பேயாட்டம் தெரிஞ்ச ராணி, இன்னிக்குத்தான்யா மனுசியாத் தெரியிறா!"

நாற்பது விளக்குக் கல்யாணம்

என் மாமா மகளுக்கு நிக்காஹ். மேலூரிலிருந்து மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது பெரியப்பா, முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார். வாசலில் அறுபது வாட் பல்பாக நாற்பது எரிந்தாக வேண்டும் என்றார். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு வாட். இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் பத்து ஆம்பியருக்கு மேல். மாமா வீட்டு மெயின் பியூஸ் ஐந்து ஆம்பியர். "பியூஸ்ல தடிக் கம்பியாப் போட்டா நிக்கப் போவுது" என்றார் பெரியத்தா. பியூஸ் நிற்கும், சுவரோரம் மரச்சட்டத்துக்குள் ஓடுகிற வயர் எரியும். முடியாது என்று சொன்னேன். "வெளிச்சம் இல்லாத வாசல்ல எங்க புள்ள கால் வைக்க மாட்டான்" என்று அவர் குரலை உயர்த்தினார். மாமாவுக்கு முகமே செத்துப்போயிற்று.

நான் கடைக்குப் போய் இருபத்தைந்து வாட் பல்பாக நாற்பது எடுத்துவந்தேன். ஆயிரம் வாட், நாலேகால் ஆம்பியருக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொன்றின் பின்னாலும் பளபளப்பான தகரத் தட்டு வைத்தேன். நிக்காஹ் ஓதி முடியும்வரை நாற்பதில் ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. பெரியத்தா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் பிரியாணிக்கு உட்கார்ந்தார். மாமா என் காதருகே வந்தார்: "நீ கணக்குப் பாத்து வெளக்குப் போட்ட மாப்ள, நான்தான் கணக்குப் பாக்காம சம்பந்தம் பண்ணிட்டேன்!"

மூக்கம்மாவின் சாட்சி

ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு மின்விசிறி மாட்டப் போயிருந்தேன். அங்கே ஆயா மூக்கம்மா அழுதுகொண்டு நின்றாள். கத்தி, கத்தரிக்கோல்களைக் கொதிக்கவைக்கும் மின்சாரப் பாத்திரம் அவள் பொறுப்பு. நாலு நாளாகத் தண்ணீர் நேரத்துக்குக் கொதிக்கவில்லை. "இவ தூங்கிட்டு மெஷின்மேல பழி போடுறா. இன்னியோட வேலை கெடையாது" என்றார் மேனேஜர். எனக்கு மனசு கேட்கவில்லை. "அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்றேன்.

பாத்திரத்தின் தகட்டில் ஆயிரம் வாட் என்று இருந்தது. இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு நாலு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மீட்டரை மாட்டினேன், முள் இரண்டைத் தாண்டியதும் நின்றுவிட்டது. பெருக்கினால் ஐந்நூறு வாட், சரிபாதி. உள்ளே ஒரே மாதிரி இரண்டு சுருள் இருக்க வேண்டும், அதில் ஒன்று அறுந்திருக்க வேண்டும் என்று திறப்பதற்கு முன்னாலேயே மேனேஜரிடம் சொன்னேன். திறந்தேன். ஒன்று அறுந்துதான் கிடந்தது. டாக்டரம்மாவே வந்து எட்டிப் பார்த்தார். மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மூக்கம்மாவுக்கு வேலை நிலைத்தது. எத்தனையோ மில்லுக்கும் பங்களாவுக்கும் வயர் இழுத்திருக்கிறேன். அன்றைக்குப் போல நெஞ்சு நிமிர்ந்து நான் வெளியே வந்ததில்லை. வாசல்வரை வந்த மூக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்: "நான் நாலு நாளா அழுது சொன்னேன், ஒருத்தரும் கேக்கல பாய், ஒங்க முள்ளு ஒரு ஆட்டம் ஆடுச்சு, அம்புட்டுப் பேரும் கேட்டுட்டாக!"

மொத்தத்தில், வகுக்கவும் பெருக்கவும் தெரிந்த ஒரே காரணத்துக்காக இந்த ஊர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டது. ஆனால் அடுத்த வேலைக்கு ஏணியில் ஏறச் சொன்னார்களே தவிர, அதில் உட்காரக் கடைசிவரை யாரும் விடவில்லை.