மயில்கழுத்து நிறத்தில் ஒரு கார்

என் மனைவிக்கு எதுவும் லேசில் பிடிக்காது. கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சேலைக் கடைக்காரர் அவளைத் தூரத்தில் கண்டாலே பெருமூச்சு விடுவார். "இப்படி நொட்டை பிடிக்கிற நீர் என்னை எப்படிக் கட்டச் சம்மதிச்சனீர்?" என்று ஒருமுறை கேட்டேன். "அப்ப சின்னப் பெட்டை, பாத்து வாங்கத் தெரியேல்லை" என்றாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பழைய கார் வாங்கித் தருகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். என் கெட்ட காலம், வேறென்ன.

நான் மலாயாவில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு ஊர் திரும்பியவன். அங்கே உழைத்ததெல்லாம் மானிப்பாய்ப் பக்கம் ஒரு கல்வீடாகவும் இரண்டு பெண்களின் சீதனமாகவும் கரைந்து போயிற்று. கந்தோரில் என்னோடு இருந்தவர்கள் காரில் போக, நான் கடைசிவரை குடையோடு நடந்தேன். அங்கே காரோட்டப் பழகியதுகூடச் சிநேகிதன் ஒருவனின் காரில்தான். கடைசிப் பிள்ளை மகன். நான் இருந்த கந்தோரிலேயே அவனும் வேலைக்குச் சேர்ந்தான்.

அங்கே இருந்த காலத்தில் தாய்க்கும் மகனுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பொழுதுபோக்கு இருந்தது. கார் விற்கிற கடையின் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பார்கள். உள்ளே நிற்கும் புதுக் கார்களுக்கு இருவரும் குறை சொல்வார்கள். இதற்கு மிதிபலகை உயரம், அதற்கு யன்னல் சின்னது, மற்றதற்கு முன்பக்கம் மூக்குச் சப்பை. வாங்க வக்கில்லாத இரண்டு பேருக்கு வந்த வாய்க்கொழுப்பைப் பார் என்று நான் சிரிப்பேன். நாங்கள் ஊருக்குக் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்தில் அவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் லீவிலை வந்து உங்களுக்குக் கார் வாங்கித் தருவன். நீங்கள் உடுத்திருக்கிற உந்தச் சேலை நிறத்திலை" என்றான். அன்று அவள் உடுத்திருந்தது மயில்கழுத்து நிறச் சேலை.

லீவு வருவதற்கு முன் சண்டை வந்தது. யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தபின் கடிதம் இல்லை, தந்தி இல்லை, ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கத்தில் மலாயாவுக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு எது? ஊரே தபால்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்த மனிதன் பாவம், எங்கள் ஒழுங்கையால் சைக்கிளை மிதிக்கவே கூச்சப்பட்டான்.

இதற்கிடையில் அவளுடைய முழங்கால்கள் வீங்கிவிட்டன. மாட்டுவண்டியில் ஏறுவதென்றால் இரண்டு பேர் தூக்கிவிடவேண்டும். கோவில் நின்றது, மகள்மாரின் வீட்டுக்குப் போவதும் நின்றது. பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்த நாட்கள் அவை. கார் வைத்திருந்தவர்கள் சில்லைக் கழற்றிவிட்டுக் கல்லின்மேல் ஏற்றி வைத்தார்கள், வேறு சிலர் வந்த விலைக்குத் தள்ளினார்கள். மாதத்தில் இரண்டு தரம் கோவிலுக்கு ஓட்டுவதற்குக் கூப்பன் காணும் என்று நான் கணக்குப் போட்டேன்.

தரகர் ஒருவரைப் பிடித்தேன். அதுவரை மாட்டுக்கும் கலியாணத்துக்கும் தரகு பார்த்த மனிதர். காரையும் மாடு விற்கிற பாணியிலேயே விற்பார். முதலில் கொண்டுவந்தது, வயதாகி வேலையை விட்ட ஒரு டாக்குத்தரின் கறுப்புக் கார். படலையில் நிறுத்திவிட்டு, "ஐயா, சுழி சுத்தமான கார். உதைக்காது, முட்டாது" என்றார்.

என் மனைவி தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தாள். கதவைக்கூடத் தொடவில்லை.

"உந்தக் கார் எந்தப் படலையிலை நிண்டதோ அந்த வீட்டிலை அடுத்த கிழமை பறை கேட்டது. உது காரில்லை, எமன்ரை எருமை. கொண்டு போகச் சொல்லுங்கோ."

"டாக்குத்தர் உயிரைக் காப்பாத்தப் போனவரப்பா!"

"போனவர்தான். காப்பாத்தினவரோ?"

தரகர் எருமையை ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்தது குருநகரில் மீன் மொத்தமாக எடுத்து விற்கிற ஒருவருடையது. நல்ல இயந்திரம், நல்ல சில்லு. ஆனால் கதவைத் திறந்ததும் கருவாட்டு மணம் முகத்தில் அறைந்தது. வெள்ளி, செவ்வாய் மீன் தொடாதவள் அவள், அந்தக் காரில் கோவிலுக்குப் போவாளா? அதை நானே திருப்பி அனுப்பினேன். பிறகு வந்த ஒன்றுக்கு மிதிபலகை உயரம். இன்னொன்றுக்குத் துணிக்கூரை, மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்கவேண்டும். வேறொன்று மண்ணிற மஞ்சள், "பிள்ளைக்கு வயித்தாலை போன நிறம்" என்றாள்.

எனக்கு விசர் பிடித்தது. கண்டறியாத கார்! புதுச்சேலை வாங்கினாலும் இத்தனை தரம் விரித்துப் பார்க்கமாட்டார்களே. ஆனாலும் தரகர் விடவில்லை. கொழும்புத்துறையில் ஒரு கார் இருக்கிறது, கூப்பன் இல்லாததால் கொண்டுவர முடியாது, நேரில் போய்த்தான் பார்க்கவேண்டும் என்றார். நிறம் என்ன என்று கேட்டேன். "நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம் ஐயா, எனக்குப் பேர் தெரியாது" என்றார்.

முழங்கால் நோவால் வண்டி ஏறவே முடியாதவள், அந்தக் காரைப் பார்க்க வண்டி ஏறினாள். தூக்கி ஏற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். வழியெல்லாம் ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி இருந்தாள். அன்று அந்த மயில்கழுத்துச் சேலையைத்தான் உடுத்தியிருந்தாள்.

ஓலைக் கொட்டிலுக்குள் நின்ற காரின்மேல் மூடியிருந்த சாக்கை உரிமையாளர் இழுத்தார். தரகர் பொய் சொல்லவில்லை. மயில்கழுத்தேதான். மிதிபலகை ஒரு சாண் உயரத்தில் இருந்தது, அவள் தானாகவே ஏறி இருந்தாள். யன்னல் பெரிது. மணம் இல்லை. மூக்குக்கூடச் சப்பை இல்லை. விலையும் என் கைக்கு எட்டியது. அவள் சேலைத் தலைப்பை இருக்கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு உள்கதவை மெதுவாகத் தடவினாள். நான் மனதுக்குள் முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டேன்.

இறங்கி வந்து, "இருக்கை கொஞ்சம் பதிவு, பள்ளமாக் கிடக்கு. வேண்டாம்" என்றாள்.

வண்டி கொழும்புத்துறை வீதியைத் தாண்டும்வரை பொறுத்தேன். பிறகு வெடித்தேன்.

"இஞ்சேரும், உமக்கு என்னதான் வேணும்? நிறம் சரி, உயரம் சரி, மணம் இல்லை, சாவீட்டுக் காரும் இல்லை. இனித் தேவலோகத்திலை இருந்து விமானம் இறக்கச் சொல்லுறீரோ?"

"ஏனப்பா கத்துறியள்? வண்டிக்காரன் கேக்கிறான்."

"கேக்கட்டும்! ஊர் முழுக்கக் கேக்கட்டும்! இந்த முழங்காலோடை இவ்வளவு தூரம் வந்து, பிடிச்ச காரை வேண்டாம் எண்டால் உமக்கு விசரோ?"

அவள் சேலைத் தலைப்பை முழங்காலின்மேல் இழுத்துவிட்டாள். பிறகு, "இதை நீங்கள் வாங்கிப்போட்டால், அவன் வந்து என்னத்தை வாங்குறது?" என்றாள்.

ஒரு காரும் அவளுக்குப் பிடிக்காமல் போனதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் வாங்கிக் கொடுத்தால், மகன் வரமாட்டான் என்று நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதாகிவிடும். வீடு வரும்வரை மூக்குப்பொடியைப் போட்டுத் தும்மிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் கார் வாங்கப் போகவில்லை, பார்க்க மட்டும் போனோம். தரகர் ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள். மகன் காசு அனுப்பிவிட்டான், அவன் வரும்போது கார் படலையில் நிற்கவேண்டும் என்பதுபோல மும்முரமாகப் பார்ப்பாள். நானும் குறை பிடிக்கப் பழகினேன். குறையே இல்லாத கார் ஒன்று வந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. அவளுக்கு முந்தி நானே, "சில்லுச் சரியில்லை" என்பேன். அவள் நன்றியோடு என்னைப் பார்ப்பாள். அந்த வருடங்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கார் பார்த்துவிட்டு வந்த இரவுகளில் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

தரகருக்குப் பொறுமை போயிற்று. "ஐயா, உங்களுக்குக் கார் தேவையில்லை, பொழுது போகவேணும். ஏன் என்னை அலைக்கழிக்கிறியள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். படலைக்கு வெளியே போ என்று கத்தினேன். அந்த மனிதரிலும் பிழை இல்லை. அவருடைய பிள்ளைகள் எல்லாரும் கண்ணுக்கு முன்னால் இருந்தார்கள்.

சண்டை முடிந்தது. வெடி கொளுத்தினார்கள். மற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. சிலர் எலும்பும் தோலுமாக நேரிலேயே வந்து இறங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது, சுன்னாகத்துப் பெடியன் ஒருவன், மகனோடு ஒரே கந்தோரில் இருந்தவன். விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தான். காய்ச்சலில் கண் மஞ்சளாகியிருந்தது. "தம்பி, சாப்பிட்டீரோ?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

அவன் தலை நிமிராமல் சொன்னான். சயாமில் றெயில் பாதை போட யப்பான்காரர் இரண்டு பேரையும் கொண்டு போனார்கள். காட்டுக்குள் வாந்திபேதி வந்தது. "நான்தான் அம்மா கடைசியிலை பக்கத்திலை இருந்தனான். தண்ணி கேட்டவன். குடுத்தனான்."

"எரிச்சவங்களோ, புதைச்சவங்களோ?"

"எரிச்சவங்கள். கனபேரோடை சேத்து."

அவள் எழுந்து உள்ளே போய் அவனுக்குக் கோப்பி போட்டுக்கொண்டு வந்தாள். சீனி காணுமோ என்று கேட்டாள். அவன் போனபிறகுதான் விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அயலட்டம் முழுவதும் வந்துவிட்டது, அவ்வளவு போதும்.

சாம்பல் இல்லாவிட்டாலும் தருப்பையில் உருச்செய்து எரித்துக் கிரியை செய்யலாம் என்று ஐயர் சொன்னார். அப்படியே செய்தோம். எங்கள் பகுதியில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கீரிமலையில் செய்வார்கள், சாம்பலைக் கடலில் கரைத்துக் கேணியில் முழுகி வருவார்கள். எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனுக்கு நான் அதைச் செய்யவேண்டும். அதற்கு ஒரு கிழமைக்கு முன் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ. நானும் கீரிமலைக்கு வரவேணும். வண்டியிலை ஏலாது. ஒரு காரை வாங்குங்கோ."

"வாடகைக்குப் பிடிக்கலாம்."

"வேண்டாம். இனி நீங்களே வாங்குங்கோ."

"எந்தக் கார்? என்ன நிறம்?"

"எதெண்டாலும் பரவாயில்லை."

கொழும்புத்துறைக்கு ஓடினேன். மயில்கழுத்துக் காரை எப்போதோ விற்றுவிட்டார்கள். தரகரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். அந்த அவசரத்தில் அகப்பட்டது ஒன்றே ஒன்று. டாக்குத்தரின் கறுப்புக் கார், இன்னும் விலைப்படாமல் நின்றது.

வாங்கிக்கொண்டு வரும்போது எனக்குள் ஒரு விசர் ஆசை. அவள் படலையில் வந்து நின்று, எமன்ரை எருமையைத் திருப்பிக் கொண்டு போங்கோ என்று கத்துவாள், நானும் பதிலுக்குக் கத்துவேன், வீடு பழையபடி வீடாகும் என்று நினைத்தேன். அவள் படலைக்கு வரவேயில்லை.

அந்தியேட்டி அன்று விடிய அவள் வெள்ளைச் சேலையோடு தடியை ஊன்றி வந்தாள். நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் மிதிபலகையைப் பார்க்கவில்லை, இருக்கையைத் தட்டிப் பார்க்கவில்லை. நோவோடு காலைத் தூக்கி வைத்து ஏறினாள்.

"இஞ்சேரும், இது அந்த டாக்குத்தரின்ரை கார்" என்றேன்.

"ஓம், தெரியும். எடுங்கோ, ஐயர் பாத்துக்கொண்டிருப்பார்" என்றாள்.