முகவரி இல்லாத கம்பெனி

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிப்பதுதான் கன்னியம்மாளின் வேலை. முறையாகப் பயிற்சி எடுத்தவள். முதுகில் புண் வராமல் திருப்பிப் போடுவாள், குழாயில் கஞ்சி கொடுப்பாள், மலம் அள்ளுவாள். எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். கூடவே நான்கு பெண்களையும் பழக்கி வைத்திருந்தாள். எந்த வீட்டுக்கு யாரை அனுப்புவது என்பதில் அவள் சொன்னதுதான் முடிவு.

வேங்கிக்காலுக்கு அப்பால் ஒரு முதியோர் குடியிருப்பு திறந்தார்கள். மொத்த வேலையும் அவளுக்கே என்றார்கள். ஆனால் தனி ஆள் பெயரில் தர மாட்டார்களாம். மாத முடிவுக்குள் பதிவு செய்த நிறுவனமாக வர வேண்டுமாம்.

ஆடிட்டர் ராமகிருஷ்ணன் விளக்கினார். ஒரு நபர் கம்பெனி என்றால் அவள் ஒருத்தியே முதலாளி. கூட்டு நிறுவனம் என்றால், தொழிலில் ஒரு பங்குதாரர் கொடுக்கிற வாக்கு மற்றவரையும் கட்டுப்படுத்தும். கன்னியம்மாள் யோசிக்கவே இல்லை, தனியாகத்தான் வேண்டும் என்றாள். அப்படியானால் அலுவலக முகவரிக்கு கரண்ட் பில்லும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் வேண்டும் என்றார்.

அவள் குடியிருந்த வீடு மூத்தார் சகாதேவன் பெயரில் இருந்தது. ஊரில் யார் வந்து கேட்டாலும் ஜாமீன் கையெழுத்து போடுகிறவர், தம்பி மனைவி கேட்டபோது மட்டும் மீசையைத் தடவினார்.

“கையெழுத்து போடறதுக்கு என்னம்மா. என்னையும் பங்குதாரரா சேத்துக்கோ. பொம்பள தனியா போய் ஆபீஸ்ல நின்னா நல்லாவா இருக்கும்?”

“நான் தெனம் பத்து வாசல்ல நிக்கறேனே மாமா.”

“அதனாலதான் சொல்றேன்.”

அவள் புருஷன் தசரதன் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவன். தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்னியம்மாள் வாடகைக்கு ஓர் அறை தேடி கிரிவலப் பாதையில் அலைந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அறையை நாள் வாடகைக்கு விட்டே பிழைக்கிறவர்கள், மாத வாடகைக்கு ஒப்பந்தம் எழுதித் தருவார்களா? கீழ்பென்னாத்தூரில் ஒரு கடைக்காரர் சம்மதித்தார். என்ன தொழில் என்று தெரிந்ததும், நோயாளிகளைக் கொண்டுவந்து கிடத்திவிடுவாள் என்று பயந்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இது ஆள் அனுப்புகிற வேலைதான், இங்கே யாரும் படுக்கப் போவதில்லை என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மாதம் முடியப்போகிறது என்று குடியிருப்பிலிருந்து கூப்பிட்டு ஞாபகப்படுத்தினார்கள். வேறு வழியில்லாமல், சகாதேவன் வீட்டு முகவரியில் கூட்டு நிறுவனத்துக்கே பத்திரம் எழுதினார்கள். சகாதேவன் முதலில் கையெழுத்து போட்டார், அவள் கீழே போட்டாள். ராமகிருஷ்ணன் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பத்திரத்தை மடித்து வைத்தார்.

வேலை தொடங்கிய இரண்டாம் வாரம் சகாதேவன் தன் மச்சினி எழிலை வேலைக்குச் சேர்த்துவிட்டார். குடியிருப்பு மேனேஜரிடம் பேசி, பெயரையும் கொடுத்தாகிவிட்டது. எழில் ஒரு நோயாளியைத் தொட்டுத் தூக்கியதில்லை. கன்னியம்மாள் ஆடிட்டருக்குப் போன் போட்டு, இதை நிறுத்த வழி உண்டா என்று கேட்டாள்.

“அவர் பங்குதாரர்மா. அவர் ஒத்துக்கிட்டா நீங்க ஒத்துக்கிட்ட மாதிரிதான்.”

மறுநாள் காலையில் எழில் குடியிருப்பு வாசலில் வந்து நின்றாள். பத்து விரலிலும் நீளமாக நகம் வளர்த்துச் சாயம் பூசியிருந்தாள். உள்ளே ஒரு பெரியவர் ஈரத் துணியில் கிடந்தார். அவரைத் தூக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. கன்னியம்மாளால் எழிலைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

“நகத்தை வெட்டிட்டு உள்ள வா,” என்றாள்.