ஆறு மணிக்கு அறுந்த இணைப்பு

யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் நான் கண்டியில், அம்பிட்டிய வீதியோரம் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை. கணவர் இலண்டனில். அப்பா சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். அங்கிருந்து ஏதாவது ஒரு செய்தி கசிந்தால் அது முதலில் இலண்டனுக்குத்தான் போகும். கணவர் தம் மதிய இடைவேளையில், எங்கள் நேரம் மாலை ஆறு மணிக்கு, கணினியில் என்னுடன் பேசுவார்.

கீழே வீட்டுக்காரர் தனியாக வசித்தார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், யாழ்ப்பாணத்தவர். முன்பொரு கலவரத்தில் சொந்த வீட்டை நெருப்புக்குக் கொடுத்தவர். தொலைபேசி அவருடைய ஹோலில் இருந்ததால் இணையத்தையும் அந்த லைனிலேயே எடுத்து, ரவுட்டரை அவருடைய அலுமாரிக்கு மேல் வைத்திருந்தோம். வைஃபை மேலே எனக்கு எட்டியது.

ஒரு மழைக்காலத்தில் திடீரெனப் பேச்சு நடுவில் அறுந்துபோகத் தொடங்கியது. அதுவும் ஆறு மணிக்கு மட்டும். காலையில் மின்னஞ்சல் பார்த்தால் ஒரு குறையுமில்லை.

மேசையை ஜன்னலோரம் இழுத்தேன். ரவுட்டரின் சானலை மாற்றினேன். கணினியையே துடைத்துப் புதிதாக மென்பொருள் போட்டேன். இணையக் கொம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைப்பெடுத்துத் தமிழுக்கான பொத்தானை அழுத்திக் காத்திருந்தால் கடைசியில் சிங்களத்தில் ஒருவர் வந்து, அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். அறும்போதெல்லாம் வெளிப்படியால் கீழே ஓடுவேன். கதவைத் தட்டி, அவர் வந்து திறப்பதற்குள் ரவுட்டரில் பச்சை வெளிச்சம் மின்னத் தொடங்கியிருக்கும்.

“இண்டைக்கும் போச்சோ பிள்ளை? மழைக்காலமெல்லோ, அப்பிடித்தான்” என்பார். தேநீர்கூடத் தருவார். நான் மேலே ஏறி வருவதற்குள் இலண்டனில் இடைவேளை முடிந்துவிடும். “நல்ல கொம்பனியாப் பாத்து எடுத்திருக்கலாமே” என்று கணவர் ஒரு நாள் சொன்னதற்கு அவரோடும் சண்டை பிடித்தேன்.

இரண்டு மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை புசல்லாவையைச் சேர்ந்த ஒரு டெக்னீஷியன் வந்தார். ரவுட்டரில் தம் கணினியை மாட்டிப் பார்த்தார்.

“லைன்ல ஒரு பிழையும் இல்ல மிஸ். இந்தப் பெட்டிதான் நேத்து ஆறு இருபதுக்குத் திரும்ப எழும்பியிருக்கு. நேத்து இங்க கரண்ட் போச்சா?”

போகவில்லை. அந்த நேரம் நான் லைட் வெளிச்சத்தில்தான் இருந்தேன்.

“அப்படின்னா யாரோ சுவிட்ச அமத்தியிருக்காங்க” என்றார். சொன்ன பிறகுதான் பத்திரிகையோடு கதிரையில் இருந்த வீட்டுக்காரரைப் பார்த்தார். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார்.

“நீங்களோ அங்கிள்?”

அவர் பத்திரிகையை மடித்தார். “நீர் கதைக்கிறது ரோட்டுக்குக் கேக்குது பிள்ளை. ஷெல்லடி எண்டுறீர், முல்லைத்தீவு எண்டுறீர். சந்தியில ஆமிக்காரர் நிக்கிறாங்கள். ஒருக்கா வீட்டை எரிச்சது எனக்குக் காணும்.”

“அதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நிப்பாட்டுவீரோ? உம்மட அப்பா அங்கை கிடக்கேக்க?”

“ரெண்டு மாசம் என்னைப் படியில ஏறி இறங்க விட்டுப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். மழையெண்டு பொய்யும் சொன்னனீங்கள்!”

நான் கத்தினேன். அவர் எழுந்து போய் வீதிப்பக்க ஜன்னலைச் சாத்தினார். அதைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் எரிந்தது. ரவுட்டரை வயரோடு பிடுங்கிக்கொண்டு மேலே வந்தேன். திங்கட்கிழமை அதே டெக்னீஷியன் வந்து தெருக்கம்பத்திலிருந்து நேரே என் அறைவரை லைன் இழுத்துத் தந்தார். வீட்டுக்காரர் தடுக்கவில்லை, கதவையும் திறக்கவில்லை.

அதன்பின் இணைப்பு ஒரு நாளும் அறவில்லை. ஆனால் கணவர், “கேக்கேல்லை, கொஞ்சம் பெலத்துக் கதையும்” என்று சொல்லத் தொடங்கினார். என்னை அறியாமலே குரலைத் தாழ்த்தியிருந்தேன். அந்தக் கிழவர் மீதிருந்த கோபத்தைவிட அந்தத் தாழ்ந்த குரல் மீதிருந்த கோபம் பெரிதாக இருந்தது. அப்பா உயிரோடு அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார் என்று கணவர் சொன்ன மாலையிலும், வாயைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டுதான் அழுதேன்.

அடுத்த மாதமே கட்டுகஸ்தோட்டைக்கு வீடு மாறினேன். கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை.