பதினோரு அச்சுகள்

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நான் அலுவலகம் திறந்தபோது அந்த ஊர் வக்கீல்கள் பெரும்பாலும் நிலத் தகராறும் குடும்ப வழக்கும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. கார் கம்பெனிகள் வந்து, அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பவர்கள் பின்னாலேயே வந்து, ஒப்பந்தத்தை மீறினார்கள், சரக்கு சரியில்லை, ஷெட்டைக் காலி செய்ய மறுக்கிறார்கள் என்று ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். நான் அந்த வழக்குகளை மட்டுமே எடுத்தேன். பொம்பளை வக்கீலா என்று முதலில் யோசித்தவர்கள் இரண்டு வருஷத்தில் என் மாடிப்படியில் காத்திருந்தார்கள்.

அந்த அக்கா வந்தது கம்பெனி வழக்குக்காக அல்ல. இருங்காட்டுக்கோட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெட்டில் ரப்பரைச் சூட்டில் அழுத்தும் மூன்று பிரஸ்களை வைத்து, கார்களுக்கான ரப்பர் வளையங்களும் புஷ்களும் செய்துகொண்டிருந்தார். பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஷெட்டில் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தியைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"இவ பத்தாவது மார்க் ஷீட்ட பழைய கான்ட்ராக்டர் வாங்கி வெச்சிகினு குடுக்க மாட்றான், வக்கீலம்மா. வேலைய வுட்டு நின்னா பேப்பர் கெடையாதாம். சட்டம் இன்னா சொல்லுது இதுக்கு?"

லெட்டர்ஹெட்டில் ஐந்து வரி எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் மார்க் ஷீட் வந்துவிட்டது. அதைச் சொல்ல அக்காவே நேரில் வந்தார்.

"இதே மாதிரி எத்தினியோ பொண்ணுங்க கீதுங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரம் உக்காருங்களேன். எடம் நான் பாக்கறேன்."

சுங்குவார்சத்திரம் சர்ச்சை ஒட்டி ஒரு அறை கிடைத்தது. திருநெல்வேலி, சிவகாசி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து, ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்த பெண்கள் அங்கே வருவார்கள். லைன் சூப்பர்வைசரின் தொல்லை, காரணமில்லாமல் நிறுத்திய வேலை, வீட்டு ஓனர் பூட்டிவிட்ட அறை. அவர்கள் முதலில் என்னிடம் பேச மாட்டார்கள். அக்காவிடம்தான் பேசுவார்கள். அவர் கேட்டுவிட்டு, எனக்கு வேண்டியதை மட்டும் நாலு வார்த்தையில் சொல்வார். நான் எழுதுவேன். இப்படி ஐந்து வருஷம் உட்கார்ந்தோம். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் நான் செய்கிற தொழிலை எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குப் பெரும்பாலான வேலையைக் கொடுத்துவந்த கம்பெனி ஒரு புதன்கிழமை ஃபைல் ஒன்றை அனுப்பியது. ரப்பர் பாகங்களை இனி பெரிய யூனிட் ஒன்றில் செய்யப்போகிறார்கள். பழைய சப்ளையரிடம் இருக்கும், ரப்பரை வடிவமாக்கும் பதினோரு இரும்பு அச்சுகள் உடனே வேண்டும். அச்சுகள் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம் தெளிவாகவே இருந்தது. சப்ளையர் மூன்று மாத அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நோட்டில், வருகிற பெண்களின் பெயரை அக்கா எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்து.

ஃபைலைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அக்கா தன் தொழிலைப் பற்றி என்னிடம் எதுவும் கலந்து பேசியவரில்லை, அதனால் நான் இந்த வழக்கை நடத்தத் தடையில்லை என்று சட்டப் புத்தகத்தைப் பார்த்து என்னையே சமாதானம் செய்துகொண்டேன். எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவு வாங்க வேண்டும் என்றது கம்பெனி. அதற்கு அவசரத்தைக் காட்ட வேண்டும். 'எதிர்மனுதாரர் மேற்படி அச்சுகளை மறைத்துவிடவோ சேதப்படுத்திவிடவோ கூடும்' என்று எழுதினேன். இப்படிப்பட்ட மனுக்களில் எல்லோரும் எழுதுகிற வரிதான். வெள்ளிக்கிழமை உத்தரவு கிடைத்தது. செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் நியமித்த கமிஷனர் போய் அச்சுகளை எடுக்க வேண்டும்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல் போனேன். பெண்களெல்லாம் போன பிறகு அக்கா நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் வக்கீலம்மா. கம்பெனிக்காரங்க அச்சத் திருப்பிக் குடுன்றாங்க. திடீர்னு வந்து தூக்கினு போவ முடியுமா?"

"இது நான் கேக்கக் கூடாத விஷயம்கா. வேற வக்கீல் யாரையாவது உடனே பாருங்க."

"சரி, சரி. கம்பெனிங்க சமாச்சாரம், உங்களுக்குச் சங்கடம்" என்று சிரித்தார். தலைவலியா, முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை கமிஷனரோடும் கம்பெனி அதிகாரியோடும் நான் காரிலிருந்து இறங்கியபோது அக்கா ஷெட் வாசலில் நின்றிருந்தார். கமிஷனர் உத்தரவை நீட்டினார். அக்கா அதை வாங்கிக் கடைசிவரை படித்தார். பிறகு உள்ளே போய் மூன்று நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். ஒன்று எனக்கு.

பத்து அச்சுகள் எண்ணெய் பூசி, நம்பர் எழுதி, அலமாரியில் வரிசையாக இருந்தன. கமிஷனர் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறித்தார். பதினோராவது பிரஸ்ஸில் இருந்தது.

"அது வெந்துகினு கீது சார். பத்து நிமிஷம் ஆவும். பாதில எடுத்தா அத்தினி பீஸும் வீணாப் பூடும்" என்றார் அக்கா.

"எப்படியும் அந்த பீஸ் எங்களுக்கு வேணாம்" என்றார் கம்பெனி அதிகாரி.

கமிஷனர் நல்ல மனிதர், காத்திருக்கலாம் என்றார். எட்டுப் பெண்களும் சுவரோரம் நின்றார்கள். நான் மார்க் ஷீட் வாங்கிக் கொடுத்த பெண்ணும் அவர்களில் இருந்தாள். சுட்ட ரப்பரின் வாடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பிரஸ் திறந்ததும் அக்கா வளையங்களை எடுத்து, ஓரப் பிசிறைக் கத்தரித்து, வழக்கம்போல் விரலால் தடவிப் பார்த்து டிரேயில் அடுக்கினார். அச்சைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பெண்கள் வாசலில் எட்டிப் பார்த்து, "அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது மாதம் அறைச் சாவியைச் சர்ச்சில் ஒப்படைத்தேன்.

ஷெட்டை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள், அவளுக்கும் சர்டிபிகேட் பிரச்சினைதான். யார் அனுப்பியது என்று கேட்டேன்.

"ஹாஸ்டல் வார்டன் அக்கா சொன்னாவ. அந்த வக்கீலு வேலைய ஒழுங்காச் செய்வாவன்னாவ."

விசாரித்ததில் அந்த வார்டன் நம் அக்காதான் என்று தெரிந்தது. அன்று சாயங்காலமே, கம்பெனிப் பெண்கள் தங்கும் அந்த ஹாஸ்டலுக்குப் போனேன். அக்கா சமையலறைக்கு வெளியே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கீரையை ஆய்ந்துகொண்டே அவரே ஆரம்பித்தார்.

"கேஸு போட்டதுக்கு ஒண்ணும் இல்ல. அச்சு அவங்களுது, கேட்டா குடுத்துத்தான் ஆவணும். அந்தப் பேப்பர்ல நான் மறைச்சிடுவேன்னு போட்டிருந்துச்சே, அத எழுதினது கம்பெனியா, நீயா?"

"நான்தான்கா. அப்படி எழுதினாத்தான் ஆர்டர் கெடைக்கும்."

"மறைப்பேன்னு நெனச்சியா?"

"இல்லக்கா."

"நெனச்சி எழுதியிருந்தாக்கூட பரவால்ல" என்றார். ஷிஃப்டுக்குப் போகும் பெண்களுக்குச் சாப்பாடு போட நேரமாகிவிட்டது என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஐந்து வருஷம் நீங்க நீங்க என்றவர், அன்றுதான் என்னை நீ என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பெண்களை அனுப்பினார். நான் வேலையை முடித்துக் கொடுத்தேன். அவர் வந்ததில்லை. அந்த அச்சுகளில் பாகம் செய்த கார் மாடல் நின்றுபோனதும் கம்பெனி வழக்கை முடித்துக்கொள்ளச் சொன்னது. நீதிமன்றத்தில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைச் சொல்லலாம் என்று ஹாஸ்டலுக்குப் போனபோது வேறொரு வார்டன் இருந்தார். அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு, மறைமலை நகரில் தம்பி வீட்டில் இருக்கிறார் என்றார். முகவரி வாங்கி வந்தேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று நாலு மாதம் தள்ளினேன்.

கடைசியில் சாவுக்குத்தான் போனேன். தெருவெல்லாம் பெண்கள், பாதிப் பேர் கம்பெனி யூனிஃபார்மில். நான் வக்கீல் என்று யாரோ சொல்ல, தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க அக்காகூட ஞாயித்துக்கெழம உக்காருவாங்கன்னு சொல்லுமே, அந்த வக்கீலம்மா இவங்கதான்" என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னார். வழக்கைப் பற்றி அக்கா வீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில், தலைமாட்டில், எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். நான் அதில் உட்கார்ந்தேன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை.