குனோங் ஜெராய் இறக்கம்: தேய்ந்த டயரும் நான் சொன்ன பொய்யும்

திருமணமாகிப் பத்து வருஷத்தில் கலா என் பைக்கில் எங்கள் ஊர் சுங்கை பட்டாணியைத் தாண்டி உட்கார்ந்ததே இல்லை. பயம். "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்று மாதக்கணக்கில் கெஞ்சி, போன பள்ளி விடுமுறையில்தான் சம்மதிக்க வைத்தேன். குனோங் ஜெராய் மலைக்கு ஒரு நாள் பயணம். அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எழுதவே கூசுகிறது.

காலை ஏழரைக்குக் கிளம்பி, புக்கிட் செலம்பாவ் கோயிலில் பைக்குக்குப் பூசை போட்டோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், டயரில் சந்தனம், குங்குமம், ஒரே அமர்க்களம். அடுத்து பெட்ரோல் ஸ்டேஷன். காற்றடிக்கும் இடத்தில் நாலைந்து கார்கள் நின்றன.

"காத்து பாத்துட்டீங்களா?" என்றாள் கலா.

"அதெல்லாம் நேத்தே பாத்தாச்சு லா."

பார்க்கவில்லை. பூசை போட்ட வண்டிக்கு என்ன வந்துவிடும் என்ற அலட்சியம்.

குருண் பக்கத்திலிருந்து மலைப்பாதை ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். ஏறுவது சுகம். மேலே பனி, மீ கோரேங் நூடுல்ஸ், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ, எல்லாம் முப்பது ரிங்கிட்டுக்குள். இரண்டு மணிக்கு இறங்கும்போது தூறல். இரண்டாம் கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கியிருக்க வேண்டும். எஞ்சின் கத்தினால் ஓட்டத் தெரியாதவன் மாதிரி இருக்குமே! நாலாம் கியரில், பிரேக்கை அழுத்தியபடியே வந்தேன். பாதி மலையில் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறைந்தது. பதறிப்போய் வளைவில் ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தோம். கலாவின் முழங்கை உரசி ரத்தம்.

மேலே ஹோட்டலுக்குக் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய சின்ன லாரி ஒன்று நின்றது. ஓட்டி வந்த மணியம் அண்ணன் பைக்கைத் தூக்கிவிட்டு, "எப்படி விழுந்தீங்க தம்பி?" என்றார்.

"ரோட்ல எண்ணெய் கொட்டிக் கெடக்குண்ணே," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஐயையோ, பின்னால மோட்டார்ல பசங்க வருவானுங்களே!"

மனுஷன் மழையில் மரக்கிளை ஒடித்து வளைவுக்கு முன்னால் வரிசையாகப் போட்டார். எண்ணெயைத் துடைக்கக் கோணிப்பையோடு ரோட்டில் குனிந்து தேடினார். வெட்கங்கெட்டவன், நானும் கூடவே கிளை ஒடித்தேன்.

கைக்குட்டையால் முழங்கையை அழுத்தியபடி கலா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, நனையாதீங்க," என்றாள். "ரோட்ல ஒண்ணும் இல்ல. டயர பாருங்க."

பின் டயர் நடுவில் மொட்டை. லாரியில் இருந்த காற்று அளவியை வைத்தால் இருபது காட்டியது. ஆள், பெட்டி எல்லாம் ஏற்றிய என் வண்டிக்கு நாற்பத்திரண்டு வேண்டும். அவர் என்னைத் திட்டவில்லை. போட்ட கிளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் எறிந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

போகிறவர்களுக்கு: கிளம்பும் முன், டயர் சூடேறாதபோது காற்றைப் பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று செயின் மூடியில் ஒட்டியிருக்கும். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டளவுக்கு ரப்பர் தேய்ந்திருந்தால் மலைப்பக்கமே போகாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், கத்தினால் கத்தட்டும். மழை என்றால் இன்னும் மெதுவாக.

அண்ணன் பம்பில் காற்றடித்துக் கொடுத்தார். கலா லாரியில் ஏறிக்கொண்டாள். நான் இரண்டாம் கியரில் பின்னாலேயே இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நான் விழாமல் வருகிறேனா என்று பார்த்தாள். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன்.